பெல் ஹவுசிங்கை எவ்வளவு வெட்டலாம்?

கேள்வி: என் பழைய காரின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை இதுவரை இரண்டு முறை இறக்கிவிட்டேன். கன்வெர்ட்டர் (இன்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் உருண்டைக் கூடு) போல்ட்டுகளைக் கழற்றுவதற்குள் விரல்முட்டி தோல் போய்விடுகிறது. கியர்பாக்ஸின் முன்பக்கம் இன்ஜினோடு பொருந்தும் மணி வடிவக் கூடான பெல் ஹவுசிங்கின் அடியில் ஒடுக்கமாக ஒரு திறப்பு இருக்கிறது. அதில் ஸ்பானரை விட்டால் கொஞ்சம் அசைகிறது, உடனே விளிம்பில் முட்டிக்கொள்கிறது. மறுபடி இறக்கப் போகிறேன். இந்தத் தடவை அந்த அடிப்பக்கத்தை நன்றாக வெட்டி எடுத்துவிடலாமா?

பதில்: வெட்டலாம். 'நன்றாக' என்பதுதான் வேண்டாம்.

உங்களுக்கு வேண்டியது ஸ்பானர் வீச இடம், அவ்வளவுதான். பன்னிரண்டு முனை ரிங் ஸ்பானர் அடுத்த பிடிக்குப் போக 30 டிகிரி திரும்ப வேண்டும். 72 பல் ராட்செட் ரிங் ஸ்பானருக்கு 5 டிகிரி போதும். அதனால் ரம்பத்தை எடுப்பதற்கு முன் ராட்செட் ஸ்பானர் ஒன்றை இரவல் வாங்கியாவது விட்டுப் பாருங்கள். அதன் தலை கொஞ்சம் தடிமன். ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் (கன்வெர்ட்டரை இன்ஜினோடு இணைக்கும் மெல்லிய வட்டத் தகடு) இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே அது நுழைந்துவிட்டால் வெட்டுகிற வேலையே இல்லை. நுழையாவிட்டால், சாதாரண ஸ்பானரைத் திறப்பில் வைத்து அது முட்டுகிற இரண்டு பக்கமும் மார்க்கரால் கோடு போடுங்கள். 30 டிகிரி வீச்சுக்கு எவ்வளவு குறைகிறதோ, அதுதான் வெட்ட வேண்டிய அகலம். பெரும்பாலும் ஒரு பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு மேல் வராது.

இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நீளவாக்கில் பொருத்திய இன்ஜினில், மவுண்ட் ஒன்று முன்னால், இன்னொன்று கியர்பாக்ஸுக்குப் பின்னால். நடுவில் எடை முழுக்கத் தொங்குகிறது. பெல் ஹவுசிங்கின் கீழ்விளிம்பு எப்போதும் இழுபட்டுக்கொண்டேதான் இருக்கும். நீங்கள் வெட்ட நினைப்பதும் அதே இடத்தைத்தான். வெகு நாள் முன்பு நான் ஒரு ஹவுசிங்கில் ஹாக்சா பிளேடால் சதுரமாக ஒரு ஜன்னல் வெட்டினேன். பார்க்க அழகாகவே இருந்தது. சில மாதம் கழித்து அந்த வண்டி வேறு வேலைக்கு வந்தபோது, ஜன்னலின் மூலையிலிருந்து முடி போல ஒரு கறுப்புக் கோடு போவதைப் பார்த்தேன். அழுக்கு என்று நினைத்துத் துடைத்தேன். போகவில்லை. நகத்தால் இழுத்தால் நகம் மாட்டியது. விரிசல்! அந்த ஹவுசிங்கை மாற்றிக் கொடுத்தேன். அதிலிருந்து கூர்மூலை வைத்து எதையும் வெட்டுவதில்லை.

இப்போது நான் செய்கிற முறை இது. உள்மூலைகள் வர வேண்டிய இரண்டு இடத்திலும் முதலில் 10 மில்லிமீட்டர் துளை போட்டுக்கொள்வேன். அப்புறம் விளிம்பிலிருந்து அந்தத் துளைகள் வரை அறுத்து, இரண்டையும் இணைப்பேன். மூலை தானாகவே வளைந்து வந்துவிடும். கடைசியில் மெல்லிய அரத்தால் பிசிறு எல்லாம் போகிறவரை, கைவிரலை ஓட்டினால் வழவழவென்று இருக்கிறவரை தேய்ப்பேன். சின்னக் கீறல்கூட விரிசலுக்கு ஆரம்பமாகிவிடும். போல்ட் துளையைச் சுற்றியுள்ள தடிமன், ஹவுசிங்கை இன்ஜினோடு நேராக உட்கார வைக்கும் டவல் பின் (dowel pin) இருக்கும் இடம், ஸ்டார்ட்டர் உட்காரும் முகம், வெளியே ஓடுகிற விலா எலும்பு மாதிரியான மேடுகள், இவற்றில் கை வைக்கவே கூடாது. திறப்பு அவற்றைத் தொடாமல் வராது என்றால், அந்த ஹவுசிங்கை விட்டுவிடுங்கள்.

வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு வெட்ட வேண்டாம். கியர்பாக்ஸ் மேஜை மேல் இருக்கட்டும். கன்வெர்ட்டரைக் கழற்றித் தனியே வையுங்கள். இன்புட் ஷாஃப்ட்டையும் கியர்பாக்ஸின் எண்ணெய் பம்ப்பின் முன் சீலையும் பாலித்தீன் போட்டு மூடி டேப் சுற்றுங்கள். அலுமினியத் தூள் பம்ப்புக்குள் போனால் உள்ளே கீறிக்கொண்டே சுற்றும். சாதாரண கிரைண்டிங் கல் வேண்டவே வேண்டாம். அலுமினியம் கல்லில் அப்பிக்கொள்ளும், கல் சூடேறும், உடைந்து சிதறவும் கூடும். பெரிய பல் வைத்த கட்டர் போட்டு, அவ்வப்போது மெழுகில் ஒரு தடவை ஓட்டிக்கொண்டால் அப்பாது.

இன்னொரு விஷயம், இதை விட்டுவிடாதீர்கள். சில கியர்பாக்ஸ் கூடுகள் அலுமினியமே இல்லை, மெக்னீசியம் கலவை. அதன் தூள் பற்றினால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, தண்ணீர் பட்டால் இன்னும் கொழுந்துவிட்டு எரியும். தூக்கும்போதே எடை குறைவாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். ஓர் ஓரத்தைச் சுரண்டிப் பளபளப்பாக்கி ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். சுறுசுறுவென்று நுரைத்தால் மெக்னீசியம். அதை வெட்டுவது வீட்டு வேலை இல்லை.

வெட்டி முடித்ததும் திறப்புக்குத் தகட்டில் ஒரு மூடி செய்து போடுங்கள். சேறும் சிறு கல்லும் ரிங் கியரில் (ஸ்டார்ட்டர் பிடித்துச் சுற்றும் பல்வளையம்) சிக்கக் கூடாது. மூடியின் அடியில் பென்சில் நுனி அளவு ஓட்டை ஒன்று விடுங்கள். இன்ஜினின் பின் சீலோ பம்ப் சீலோ கசிய ஆரம்பித்தால் அது வழியாகச் சொட்டிக் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: கியர்பாக்ஸை ஏற்றும்போது பெல் ஹவுசிங் இன்ஜினோடு ஒட்டாமல் அரை அங்குலம் நிற்கிறது. சுற்றிலும் போல்ட் போட்டு இழுத்தால் வந்துவிடுமா?

பதில்: தயவுசெய்து இழுக்காதீர்கள். கன்வெர்ட்டர் முழுதாக உள்ளே போகவில்லை. அப்படியே இழுத்தால் பம்ப் உடையும். கியர்பாக்ஸைப் பின்னால் எடுத்து, கன்வெர்ட்டரை இரண்டு கையாலும் உள்ளே அழுத்தியபடி மெதுவாகச் சுற்றுங்கள். இன்புட் ஷாஃப்ட், ஸ்டேட்டர் ஷாஃப்ட், பம்ப் என்று ஒவ்வொன்றிலும் 'டக்' என்று விழுந்து உள்ளே இறங்குவது கையிலேயே தெரியும். பம்ப்பில் விழுகிற கடைசி 'டக்'குக்குத்தான் பொறுமை வேண்டும். பல கியர்பாக்ஸ்களில், ஹவுசிங் கையாலேயே ஒட்டியபிறகு கன்வெர்ட்டருக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். கன்வெர்ட்டரும் கையால் தாராளமாகச் சுற்றும். அது சுற்றினால்தான் போல்ட்டைத் தொட வேண்டும்.

கேள்வி: கன்வெர்ட்டர் போல்ட் ஒன்று தொலைந்துவிட்டது. அதே மரையில், கொஞ்சம் நீளமான போல்ட் கையில் இருக்கிறது. போடலாமா?

பதில்: கூடாது. நீளமான போல்ட் கன்வெர்ட்டரின் முன் தகட்டை உள்பக்கமாகப் புடைக்கச் செய்துவிடும். லாக்-அப் கிளட்ச் (கன்வெர்ட்டரை வழுக்காமல் நேராகப் பூட்டும் கிளட்ச்) பிடிக்கும் முகம் அதற்கு நேர் பின்னால்தான் இருக்கிறது. மற்ற போல்ட்டுகளில் ஒன்றைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து நீளத்தையும் தலையின் உயரத்தையும் ஒப்பிட்டு, அதே போல் ஒன்று வாங்குங்கள்.