விடியற்காலைப் படபடப்பும் தைராய்டு மாத்திரையும்

கேள்வி: எனக்கு வயது 43. தைராய்டு சுரப்புக் குறைவுக்காக ஆறு ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுகிறேன். மூன்று மாதங்களுக்கு முன் அளவை 75-இலிருந்து 100 மைக்ரோகிராமாகக் கூட்டினார்கள். அது முதல் தினமும் நாலரை மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. காரணமே இல்லாத பயமும் படபடப்பும் எட்டு மணி வரை நீடிக்கின்றன. இசிஜி சரியாக இருக்கிறது என்கிறார்கள். சென்ற மாதம் அம்மா வீட்டில் தங்கியிருந்த மூன்று நாட்களும் மாத்திரையை விட்டுப் பார்த்தேன், நிம்மதியாக இருந்தது. அடியோடு நிறுத்திவிடலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: நிறுத்த வேண்டாம். நீங்கள் செய்து பார்த்த சோதனை, நீங்கள் நினைப்பதை நிரூபிக்கவில்லை. உங்கள் மாத்திரையில் உள்ள தைராய்டு ஹார்மோனான லெவோதைராக்சின் உடலில் பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ 7 நாட்கள் ஆகும் என்பதால், மூன்று நாட்கள் விட்ட பிறகும் அதன் பெரும்பகுதி உங்கள் இரத்தத்தில் இருந்திருக்கும். அம்மா வீட்டில் மாறியது வேறு ஏதோ. அந்த மூன்று நாட்களும் முதலில் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தது யார் என்று சற்று யோசித்துப் பாருங்கள்.

அதற்காக, மாத்திரைக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. அளவு தேவைக்கு மேல் போனால் படபடப்பு, கை நடுக்கம், தூக்கக் குறைவு, காரணமற்ற பதற்றம் ஆகிய எல்லாமே வரக்கூடும். அளவை மாற்றி 6 முதல் 8 வாரங்களில், அளவு சரியா என்று காட்டும் டிஎஸ்எச் இரத்தப் பரிசோதனையை மீண்டும் செய்ய வேண்டும். அதைச் செய்தீர்களா என்று கடிதத்தில் இல்லை. செய்யவில்லையென்றால் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். முடி உதிர்வுக்காக பயோட்டின் என்னும் வைட்டமின் கலந்த மாத்திரை எதையேனும் சாப்பிட்டு வந்தால் அதை மருத்துவரிடம் சொல்லி, குறைந்தது இரண்டு நாட்களுக்கு முன்பே நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுங்கள். பயோட்டின் சில ஆய்வக முறைகளில் முடிவைத் திரித்து, மாத்திரை அதிகமாகிவிட்டது போன்ற பொய்த் தோற்றத்தைக் காட்டும். அதை நம்பி அளவைக் குறைத்தவர்களும் உண்டு.

முடிவு சரியாகவே வந்தாலும் உங்கள் படபடப்பு கற்பனையாகிவிடாது. விழித்த முதல் 30 முதல் 45 நிமிடங்களில் கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் பெரும்பாலோருக்கு இயல்பாகவே உயர்கிறது. ஏற்கெனவே கவலையில் இருப்பவர், உடலைத் தயார்ப்படுத்தும் அந்த உந்துதலையே ஆபத்தின் அறிகுறியாக எடுத்துக்கொள்கிறார். நெஞ்சு அடித்துக்கொள்வதைக் கவனிக்கக் கவனிக்கப் பயம் கூடுகிறது, பயம் கூடக் கூட நெஞ்சு இன்னும் வேகமாக அடித்துக்கொள்கிறது. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளிலும் இப்படி நேரலாம் என்பதால், உங்கள் வயதில் அதையும் மருத்துவரிடம் கேட்பது நல்லது.

எனவே, விழிப்பு வந்த பிறகு இருட்டில் படுத்தபடி நாடித்துடிப்பை ஆராய்ந்துகொண்டிருக்காதீர்கள். எழுந்து உட்கார்ந்து பாதங்களைத் தரையில் ஊன்றி, மூச்சை இழுப்பதைவிட விடுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடங்கள் மெதுவாக மூச்சுவிடுங்கள். விடிந்ததும் வாசலிலோ மொட்டை மாடியிலோ சிறிது நடங்கள். மறுநாள் வேலைகளை முதல்நாள் இரவே ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டால், நாலரை மணிக்கு மனம் அவற்றை எண்ணத் தொடங்காது. காலை வேலைகளில் சிலவற்றை வீட்டில் மற்றவர்களிடம் ஒப்படைப்பதையும் நான் மருந்தாகவே கருதுகிறேன்.

காவிரிக்கரைக்காரரிடம் டிகிரி காபியை விடச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை. தள்ளி வைக்க மட்டும் சொல்கிறேன். வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரையை விழுங்கிய பின், குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்தே காபி. உடனே குடித்தால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. வெறும் வயிற்றில் இறங்கும் கெட்டியான டிக்காஷன் படபடப்பையும் தூண்டிவிடும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை.

ஓய்வாக இருக்கும்போதே நாடி அடிக்கடி 100-ஐத் தாண்டினாலோ, தாளம் தப்பினாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் வந்தால் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஹார்மோன் அளவு சரியாக இருந்தும் சில வாரங்களில் பயம் தணியவில்லையென்றால், தயங்காமல் மனநல மருத்துவரை அணுகுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையின் இலவச எண்ணான 14416-இல் தமிழிலேயே பேசலாம். தைராய்டு மாத்திரையோடு சேர்த்து எடுக்கக்கூடிய சிகிச்சைகள் இருக்கின்றன; இப்போது சாப்பிடும் மாத்திரையின் பெயரையும் அளவையும் மட்டும் அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.