ஞாயிறு யாருக்கு ஓய்வு?

கேள்வி: ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால் கறிக்குழம்பு, பாத்திரம், துணி என்று எனக்குச் சாயங்காலம் ஆகிவிடுகிறது. ஓய்வுநாளை எப்படி ஆசரிப்பது?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: சகோதரி, ஓய்வுநாளுக்கு முந்தின நாளே ஆயத்தம் வேண்டும். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் ஆறாம் நாளில் தேவன் வானத்திலிருந்து தந்த உணவாகிய மன்னாவை ஆளுக்கு இரண்டு ஓமர் (மற்ற நாட்களைவிட இரு மடங்கு அளவு) சேர்த்தார்கள், சுடுவதையும் வேவிப்பதையும் அன்றே முடிக்கச் சொன்னார் மோசே (யாத்திராகமம் 16:22, 23). நீங்களும் சனிக்கிழமை மதியத்துக்குள் துணி துவைத்து, மாலை மாவரைத்து, இரவே குழம்பு வைத்துவிடுங்கள். ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்து, ஞாயிறு மதியம் நன்றாகக் கொதிக்கவிட்டால் போதும். சோறு மட்டும் புதிதாக வடிக்கலாம்.

பல வீடுகளில் சனி வேலை ஞாயிறுக்குத் தள்ளிப்போவதால்தான் ஓய்வு கெடுகிறது. அதைவிடப் பெரிய குறை, குடும்பமே படுத்திருக்க அம்மா மட்டும் அடுப்படியில் நிற்பது. வேலைக்காரனும் வேலைக்காரியும்கூட இளைப்பாற வேண்டும் என்கிறது உபாகமம் 5:14. அப்படியிருக்க, வீட்டுத் தாய்க்கு ஓய்வு இல்லையா? பாத்திரத்தைக் கணவரும் பிள்ளைகளும் கழுவட்டும். இதைச் சனிக்கிழமை ஜெபவேளையிலேயே பேசி முடிவுசெய்யுங்கள்.

ஞாயிறு டியூட்டி பார்க்கும் நர்ஸ்கள் குற்ற உணர்வு கொள்ள வேண்டாம். இயேசு ஓய்வுநாளில் நோயாளிகளைக் குணமாக்கினார். வார விடுப்பு எந்த நாளோ, அதில் காலை நேரத்தை ஜெபத்துக்கும் வேதவாசிப்புக்கும் ஒதுக்குங்கள். போனை அணைத்து வையுங்கள்.