போகிமான் கேள்வி – பதில்: முதலில் மியூடூவைத் தூங்க வையுங்கள்

இந்த இதழில் முழுக்க போகிமான் வீடியோ ஆட்டங்களில் வரும் மியூடூதான். ஒரு வேண்டுகோள்: எந்த ஆட்டத்தை ஆடுகிறீர்கள் என்பதைக் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். 1996இல் வந்த ஆட்டத்தின் மியூடூவும் 2013இல் வந்த ஆட்டத்தின் மியூடூவும் பெயரளவில்தான் ஒன்று. ஒன்றுக்குச் சொல்லும் வைத்தியம் மற்றதற்குப் பலிக்காது.

கேள்வி: ரெட் ஆட்டம். செருலியன் குகையின் அடித்தளத்தில் மியூடூவின் எச்.பி. (உயிர்வலு) கோடு சிவப்பாகும்வரை அடித்துவிட்டு 40 அல்ட்ரா பால் (பிடிக்கும் பந்து) வீசிவிட்டேன். பிடிபடவில்லை. ஆட்டத்தில் கோளாறா? கட்டாயம் பிடித்துவிடும் மாஸ்டர் பாலை வேறொன்றுக்குச் செலவழித்துவிட்டேன்.

கோளாறு இல்லை. முதல் தலைமுறை ஆட்டத்தில் எச்.பி.யைக் குறைப்பதைவிடத் தூங்க வைப்பதுதான் பெரிய விஷயம். நீங்கள் அதை மட்டும் செய்யவில்லை.

உள்ளே நடக்கும் கணக்கு இது. அல்ட்ரா பால் வீசியதும் ஆட்டம் 0 முதல் 150 வரை ஓர் எண்ணைக் குலுக்கி எடுக்கும். மியூடூவின் பிடிமான எண் வெறும் 3. குலுக்கிய எண் 3 அல்லது அதற்குக் கீழே வந்தால்தான் அடுத்த கட்டம். அதாவது 151இல் 4 வாய்ப்பு. எச்.பி. பார்க்கப்படுவது அந்த இரண்டாம் கட்டத்தில்தான். எச்.பி. மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் அந்தக் கட்டம் தானாகத் தாண்டிவிடும். அதற்குமேல் எவ்வளவு குறைத்தாலும் துளிகூடப் பயனில்லை. ஆக, எச்.பி. சிவப்பில் இருந்தும் ஒரு பந்துக்கு 2.6 சதவீதம்தான். அந்தக் கணக்கில் 40 பந்து வீசியும் பிடிபடாமல் போவது மூன்று பேரில் ஒருவருக்கு நடக்கும்.

இப்போது அதே மியூடூ தூங்குகிறது என்று வையுங்கள். குலுக்கிய எண்ணிலிருந்து 25 கழிக்கப்படும். கழித்தபின் பூஜ்யத்துக்குக் கீழே போனால் எச்.பி.யையோ பிடிமான எண்ணையோ பார்க்காமலே பந்து மூடிக்கொள்ளும். 151இல் 25 அங்கேயே வந்துவிட்டது. முழு எச்.பி.யோடு தூங்கும் மியூடூவுக்கு ஒரு பந்துக்குச் சுமார் 17 சதவீதம், எச்.பி.யும் குறைந்திருந்தால் 19. விழித்திருக்கும் சிவப்பு எச்.பி. மியூடூவைவிட, அடியே படாமல் உறங்கும் மியூடூ ஆறு மடங்குக்கு மேல் சுலபம். உறைய வைத்தாலும் (ஃப்ரீஸ்) இதே 25தான். பாரலிசிஸ் (முடக்கம்), விஷம், தீக்காயம் ஆகியவற்றுக்கு 12.

செய்யவேண்டியது: குகைக்குள் அதன் எதிரே நின்று சேமித்துக்கொள்ளுங்கள். தூங்க வைக்க ஜிங்ஸ் என்ற போகிமான் நல்லது. அதன் தூக்க முத்தமான லவ்லி கிஸ் 75 சதவீதம் குறி தப்பாது. ஜிங்ஸும் சைக்கிக் வகை என்பதால் மியூடூவின் சைக்கிக் தாக்குதல் பாதிதான் உறைக்கும். ரெட், ப்ளூ இரண்டிலும் செருலியன் நகரில் ஒரு பாலிவர்லைக் கொடுத்தால் ஜிங்ஸ் மாற்றாகக் கிடைக்கும். பாராசெக்ட் என்ற போகிமானின் தூக்கத் தாக்குதலான ஸ்போர் அநேகமாகத் தப்பாது என்பது உண்மைதான். ஆனால் மியூடூ உங்களுக்கு முன்னால் அடித்துவிடும், அந்த ஒரு அடியைத் தாங்கும் உடம்பு பாராசெக்டுக்கு எல்லா நேரமும் இருக்காது.

தூக்கம் ஒன்று முதல் ஏழு சுற்று வரை நீடிக்கும். விழிக்கும் சுற்றில் அது தாக்காது என்பது இந்த ஆட்டத்தில் மட்டும் உள்ள சலுகை. விழித்ததும் மறுபடி முத்தம், மறுபடி பந்து. 20 அல்ட்ரா பால் கையில் இருந்தால் அநேகமாகப் போதும். விழித்திருக்கும்போது அது ரெக்கவர் போட்டுப் பாதி எச்.பி.யை மீட்டுக்கொள்ளும், அதைப் பார்த்துப் பதறி மறுபடி அடிக்கப் போகாதீர்கள். அங்கேதான் பலர் தவறிப்போய்க் கொன்றுவிடுகிறார்கள்.

தூங்க வைக்க ஆளே இல்லையென்றால், பாரலிசிஸ் ஏற்றும் தண்டர் வேவ். எச்.பி. குறைந்திருந்தால் வாய்ப்பு 10.6 சதவீதம்தான், ஆனால் பாரலிசிஸ் தானாகத் தெளியாது. ஒன்றை நினைவில் வையுங்கள்: பாரலிசிஸ் ஏறிய மியூடூவைப் பிறகு தூங்க வைக்க முடியாது.

கேள்வி: ஹார்ட்கோல்ட் ஆட்டத்திலும் இதே கணக்குதானா?

இல்லை, தலைகீழ். அங்கே எச்.பி. மூன்று மடங்கு வித்தியாசம் செய்யும், தூக்கம் இரண்டு மடங்கு. ஆகவே கொல்லாமல் அடிக்கும் ஃபால்ஸ் ஸ்வைப்பால் எச்.பி.யை 1க்குக் கொண்டுவந்து, தூங்க வைத்து, அல்ட்ரா பாலைத் தூக்கி வைத்துவிட்டு டஸ்க் பால் வீசுங்கள். குகைக்குள் டஸ்க் பாலுக்கு 3.5 மடங்கு, அல்ட்ரா பாலுக்கு 2 மடங்குதான். எச்.பி. 1, தூக்கம் இரண்டும் சேர்ந்தால் ஒரு டஸ்க் பாலுக்குச் சுமார் 8 சதவீதம். அல்ட்ரா பாலில் 5க்கும் கீழே. மியூடூவின் பிரஷர் திறனால் உங்கள் ஒவ்வொரு தாக்குதலுக்கும் பி.பி. (இன்னும் எத்தனை முறை போடலாம் என்ற எண்) இரண்டிரண்டாகக் குறையும், தூங்க வைக்கும் தாக்குதலின் பி.பி.யை முன்பே எண்ணிக்கொள்ளுங்கள். டிமிட் நேச்சர் (வேகம் கூடி அட்டாக் குறையும் சுபாவம்) வேண்டுமென்றால், டிமிட் உள்ள, சிங்க்ரனைஸ் திறன் கொண்ட போகிமான் ஒன்றை அணியின் முதல் இடத்தில் வைத்துவிட்டு மியூடூவிடம் பேசுங்கள். பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

குகை திறக்க, ஜிம் தலைவர்களை வென்று பெறும் 16 பேட்ஜும் வேண்டும்.

கேள்வி: ரெட்டின் மறுஆக்கமான ஃபயர்ரெட் ஆட்டம். சாம்பியன் ஆகிவிட்டேன், குகை வாசலில் நிற்கும் ஆள் நகர மறுக்கிறார்.

பழைய ரெட்டில் சாம்பியன் ஆனால் போதும், இதில் போதாது. 60 வகைப் போகிமான் பிடித்து பேராசிரியர் ஓக்கிடம் நேஷனல் டெக்ஸ் (விரிவான போகிமான் பட்டியல்) வாங்குங்கள். பிறகு செவி தீவுகளில் ரூபி, சஃபயர் கற்கள் இரண்டையும் தேடி எடுத்து, ஒன் ஐலண்டில் இருக்கும் செலியோவிடம் கொடுத்து அவருடைய இயந்திரத்தை முடித்துக்கொடுங்கள். அதன்பின் வாசல் காலி.

கேள்வி: மியூடூ குளோன் என்கிறார்கள். ஆனால் சின்னபார் தீவு மாளிகையில் கிடக்கும் நாட்குறிப்பில் "மியூ ஈன்றது" என்று இருக்கிறதே? பிறந்ததா, செய்யப்பட்டதா? குளோன் செய்த டாலி என்ற செம்மறி ஆட்டைப் பார்த்துத்தான் இந்தக் கதை வந்தது என்பது உண்மையா?

நாட்குறிப்பில் நான்கு பதிவுகள். ஜூலை 5: தென் அமெரிக்காவின் கயானா காட்டில் புதிய போகிமான் கண்டுபிடிப்பு. ஜூலை 10: அதற்கு மியூ என்று பெயர். பிப்ரவரி 6: மியூ ஒரு குட்டியை ஈன்றது, அதற்கு மியூடூ என்று பெயர். செப்டம்பர் 1: மியூடூவை அடக்க முடியவில்லை. ஆண்டு எதற்கும் இல்லை. அதே ஆட்டத்தின் போகிடெக்ஸோ (போகிமான் விவரப் பட்டியல்), ஆண்டுக்கணக்கில் மரபணுவை வெட்டி ஒட்டிச் செய்த கொடூரமான சோதனையின் விளைவு என்கிறது.

இரண்டும் மோதுவதுபோலத் தெரியும்; மோத வேண்டியதில்லை. குளோன் என்றால் கண்ணாடிக் குடுவையில் மிதந்து வளரவேண்டும் என்ற எண்ணம் திரைப்படத்தால் வந்தது. நிஜத்தில் டாலியும் ஓர் ஆட்டின் வயிற்றிலிருந்துதான் பிறந்தது. ஃபின் டார்செட் இன ஆட்டின் மடிச் செல்லிலிருந்து உட்கருவை எடுத்து, உட்கரு நீக்கிய கருமுட்டைக்குள் வைத்து, வளர்ந்த கருவை வேறோர் ஆட்டின் கருப்பையில் சுமக்கவைத்தார்கள். இப்படிச் செய்த 277 முயற்சிகளில் உயிரோடு பிறந்தது அந்த ஒன்று. ஆக, செய்யப்பட்ட கருவை மியூவே சுமந்து ஈன்றது என்று படித்தால் நாட்குறிப்பும் போகிடெக்ஸும் ஒத்துப்போகும். இது எங்கள் வாசிப்பு. ஆட்டம் இப்படி விளக்கிச் சொல்லவில்லை.

உண்மையில் இடிக்கிற சொல் "குளோன்"தான். குளோன் என்றால் மூலத்தின் அச்சு நகல். மியூ 0.4 மீட்டர், 4 கிலோ. மியூடூ 2 மீட்டர், 122 கிலோ. யெல்லோ ஆட்டத்தின் போகிடெக்ஸ், இரண்டின் டி.என்.ஏ.வும் ஏறக்குறைய ஒன்று, அளவும் குணமும்தான் வெகுவாக வேறு என்கிறது. அந்த "ஏறக்குறைய"வில்தான் எல்லாம் இருக்கிறது. நகலெடுத்து, நகலைத் திருத்தி, சண்டைக்காகவே முடுக்கிவிட்ட உயிர் அது.

டாலி கதை மட்டும் பொருந்தாது. ஜப்பானில் முதல் ஆட்டங்கள் வெளிவந்தது 1996 பிப்ரவரி 27. டாலி பிறந்தது அதே ஆண்டு ஜூலை 5. உலகத்துக்குத் தெரிந்தது 1997 பிப்ரவரியில். ஆட்டம்தான் மூத்தது. நாட்குறிப்பின் ஜூலை 5உம் டாலியின் ஜூலை 5உம் ஒத்துப்போவது தற்செயல், ஆனால் ரசிக்கத்தக்க தற்செயல்.

கேள்வி: போகிடெக்ஸில் நகலான மியூடூவுக்கு எண் 150, மூலமான மியூவுக்கு 151. ஏன்?

மியூ கடைசி நேரத்தில் ஏறியது. ஆட்டம் முடிந்து, பிழைதிருத்தும் கருவிகளை கார்ட்ரிட்ஜிலிருந்து நீக்கியபோது மிஞ்சிய சுமார் 300 பைட் இடத்தில் நிரலாளர் ஷிகெகி மொரிமோட்டோ அதைச் சொருகினார்.

கேள்வி: சைக்கிக் வகை பேய்க்குப் பயப்படும் என்று ரெட் ஆட்டத்திலேயே சொல்கிறார்கள். மியூடூமேல் கோஸ்ட் (பேய்) வகைத் தாக்குதல் போட்டால் துளிகூடப் படவில்லையே?

படாது. எந்த வகை எதன்மேல் எத்தனை மடங்கு விழும் என்ற வகை அட்டவணையில் இருமடங்கு இருக்கவேண்டிய இடத்தில் பூஜ்யம் இருக்கிறது. நியாயப்படி இருந்திருந்தாலும் பெரிய லாபமில்லை. வகைப்பெருக்கத்துக்கு உட்படும் கோஸ்ட் தாக்குதல் அன்று லிக் ஒன்றுதான், அதன் வலு 20. மற்றொரு பலவீனமான பக் (பூச்சி) வகையிலும் லீச் லைஃப், பின் மிசைல், ட்வின் நீடில் என்று எல்லாமே கொசுக்கடி.

அன்றைய மியூடூவின் ஆட்சிக்கு இது பாதிக் காரணம். மீதிப் பாதி, ஸ்பெஷல் என்ற ஒரே எண் தாக்கவும் தாங்கவும் பயன்பட்டது. மியூடூவுக்கு அது 154. அம்னீசியா ஒரு முறை போட்டால் இரண்டும் இருமடங்கு. போதாக்குறைக்குக் கிரிட்டிக்கல் அடி அடிப்படை வேகத்தைப் பொறுத்து விழும். வேகம் 130 என்பதால் நான்கு அடிக்கு ஒன்று கிரிட்டிக்கல். 1999இல் கோல்ட், சில்வர் வந்தபோது ஸ்பெஷலை இரண்டாகப் பிரித்தார்கள்: தாக்க 154, தாங்க 90. கூடவே சைக்கிக் தாக்குதல் படாத டார்க் வகையும் வந்தது. அன்றோடு அதன் தனிக்காட்டு ராஜாங்கம் முடிந்தது.

கேள்வி: பிளிசியின் ஸ்பெஷல் டிஃபென்ஸ் 135, எச்.பி. 255. மியூடூவின் சைக்கிக் தாக்குதலைத் தாங்கும் என்று நம்பி இறக்கினேன். நிற்கவில்லை.

உங்களை அடித்தது சைக்ஸ்ட்ரைக்காக இருக்கும். ஐந்தாம் தலைமுறையில் வந்த, மியூடூவின் சொந்தத் தாக்குதல், வலு 100. ஸ்பெஷல் அட்டாக்கால் அடிக்கும், ஆனால் எதிராளியின் சாதாரண டிஃபென்ஸோடு கணக்குப் பார்க்கும். பிளிசியின் டிஃபென்ஸ் 10. கதவைப் பூட்டிவிட்டு ஜன்னலைத் திறந்துவைத்த கதை.

டார்க் வகை இறக்கினால் சைக்ஸ்ட்ரைக் படவே படாது. அங்கேயும் ஒரு கண்ணி உண்டு: மியூடூ ஆரா ஸ்பியர் வைத்திருந்தால், ராக்–டார்க் வகையான டைரனிடார்மேல் அது நான்கு மடங்காக விழும், குறியும் தப்பாது. எதிராளியின் மியூடூ என்ன தாக்குதல் வைத்திருக்கிறது என்று தெரியும்வரை டைரனிடாரை வெளியே விடாதீர்கள்.

கேள்வி: மெகா எக்ஸா, மெகா ஒய்யா?

மியூடூவின் இரண்டு மெகா வடிவங்களிலும் திறன் எண்களின் கூட்டுத்தொகை 780தான், பங்கீடுதான் வேறு. எக்ஸ் சைக்கிக்–ஃபைட்டிங்: அட்டாக் 190, வேகம் பழைய 130. ஒய் வெறும் சைக்கிக்: ஸ்பெஷல் அட்டாக் 194, வேகம் 140, டிஃபென்ஸ் மட்டும் 70க்கு இறங்கிவிடும். ஏற்கெனவே சைக்ஸ்ட்ரைக்கை நம்பி டிமிட்டில் வளர்த்த மியூடூவென்றால் யோசிக்காமல் ஒய். எக்ஸ் வேண்டுமென்றால் அட்டாக்குக்கென்று வேறு மியூடூவைத் தனியாக வளர்க்கவேண்டும். அதன் லாபம், டார்க்கும் பக்கும் இருமடங்காகப் படாது. நஷ்டம், ஃப்ளையிங்கும் ஃபேரியும் படும். கோஸ்ட் இரண்டுக்கும் எமன்தான்.

கேள்வி: 1998 படத்து மியூடூவும் 2013 படத்து மியூடூவும் ஒன்றா?

இல்லை, இரண்டு வேறு மியூடூக்கள். 2013இல் வருவது பெண் குரலில் பேசும். 2019இல் கணினி வரைகலையில் வந்ததோ 1998 படத்தின் மறுஆக்கம்; அது பழைய மியூடூவேதான்.

கேள்வி: போகிமான் கோ கைபேசி ஆட்டம். ரெய்டில் (கூட்டுச் சண்டையில்) மியூடூவுக்கு 2387 சி.பி. (போர்வலு) காட்டியது. நல்லதா? ஷேடோ மியூடூ ஒன்றும் இருக்கிறது, அதைத் தூய்மையாக்கலாமா?

சாதாரண வானிலையில் 2387 என்பது உச்சம், அதாவது தாக்குதல், தற்காப்பு, உயிர்வலு என்ற மூன்று உள்ளார்ந்த அளவும் (0 முதல் 15 வரை) 15. காற்று வீசும் வானிலையில் பிடித்தால் லெவல் 25இல் வரும்; அப்போது உச்சம் 2984. ஆகவே காற்று நாளில் 2900ஐப் பார்த்துத் துள்ளிக் குதிக்கவேண்டாம்.

ஷேடோவைத் தொடாதீர்கள். தூய்மையாக்கினால் ஒவ்வொரு அளவும் 2 கூடும் என்பது ஆசை காட்டும், ஆனால் ஷேடோவுக்கு உள்ள 20 சதவீதக் கூடுதல் அடி போய்விடும். மூன்று அளவும் 15 உள்ள சாதாரண மியூடூவைவிட, அளவு மோசமான ஷேடோ மியூடூ ரெய்டில் பலமாக அடிக்கும். அடி வாங்குவதும் கூடும் என்பதால் சீக்கிரம் சாயும், அவ்வளவுதான். இரண்டாவது சார்ஜ்டு தாக்குதலுக்குச் (சக்தி சேர்த்து விடுவது) சாதாரண மியூடூவுக்கு 1,00,000 ஸ்டார்டஸ்டும் 100 கேண்டியும். ஷேடோவுக்கு 1,20,000உம் 120உம். ஸ்டார்டஸ்ட் குறைவாக இருந்தால் இரண்டாவது தாக்குதலை ஒத்திப்போடுங்கள். எலைட் சார்ஜ்டு டி.எம். (தாக்குதலை மாற்றித் தரும் பொருள்) ஒன்று இருந்தால் முதலில் சைக்ஸ்ட்ரைக்கை ஏற்றுங்கள்.