இளைய கண்டத்தின் கோரிக்கை

கேள்வி: ஆப்பிரிக்க இளைஞர்கள் அடிக்கடி வீதியில் இறங்கிப் போராடுவது ஏன்?

பதில்: ஆப்பிரிக்க மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் 20 வயதுக்கு உட்பட்டவர்கள். பட்டம் பெற்றும் நிலையான வேலை கிடைக்காமல், சில்லறை வணிகத்திலும் வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டுவதிலும் காலம் தள்ளுவோரின் மனக்குமுறல், 2024 ஜூனில் கென்யாவில் வரி உயர்வு மசோதாவுக்கு எதிராக வெடித்தது. துப்பாக்கிச் சூட்டில் பல உயிர்கள் பலியான பின்னரே அதிபர் ரூட்டோ அம்மசோதாவைக் கைவிட்டார்; அந்த விலை மிகக் கொடியது. நைஜீரிய இளைஞர்களோ தொடர்ந்து இயக்கம் நடத்தி, அதிபர் தேர்தலில் போட்டியிடும் குறைந்தபட்ச வயதை 40-லிருந்து 35 ஆகக் குறைக்கும் சட்டத்தை 2018-ல் பெற்றனர். ஆயினும், 2023 தேர்தலில் ஆளுங்கட்சியின் அதிபர் வேட்பாளராக விண்ணப்பிக்கும் படிவத்தின் விலையே 10 கோடி நைராவாக இருந்ததால், அந்தக் கதவு எளிய இளைஞனுக்குத் திறக்கவே இல்லை.