கணினி கேள்வி-பதில்: நெட் ஒயரைப் பிடுங்குங்கள், சிஸ்டம் இருக்கட்டும்

கேள்வி: ராயபுரத்தில் பதினைந்து வருடமாக டி.டி.பி., ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் எல்லாமே விண்டோஸ் 7, பேஜ்மேக்கர், பாமினி எழுத்துருவில்தான். "சப்போர்ட் போய் வருஷக்கணக்காச்சுண்ணே, தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க" என்கிறார் சர்வீஸ் பார்க்கும் தம்பி. நன்றாக ஓடுகிற சிஸ்டத்தை ஏன் தூக்கிப் போட வேண்டும்?
- வாசகர், ராயபுரம்

பதில்: தம்பி சொல்வதில் பாதி சரி. சப்போர்ட் போனால் சிஸ்டம் நிற்காது, ஆனால் புதிதாகப் பாதுகாப்பு ஓட்டை தெரிந்தால் மாதாமாதம் அடைத்துக் கொடுக்கிற வேலை விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஓடு முடிந்தது. காசு கட்டிய கம்பெனிகளுக்குத் தனியாகக் கொடுத்து வந்ததையும் 2023 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். குரோம்கூட 109-ஆம் பதிப்போடு கைகழுவிவிட்டது. 2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் உலகம் முழுக்க ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டதே, அதற்கான அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது; போடாமல் விட்டவர்கள் மாட்டினார்கள், அதில் பெரும்பாலானவை விண்டோஸ் 7. அப்போதாவது போடுவதற்கு அப்டேட் என்று ஒன்று இருந்தது.

அதனால் பழைய சிஸ்டம் பேஜ்மேக்கருக்கு மட்டும் இருக்கட்டும், நெட் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள், வைஃபை இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். ஆதார் பிரிண்ட், வாட்ஸ்அப்பில் வரும் போட்டோ, பேங்க் வேலை எல்லாம் வேறொரு சிஸ்டத்தில். காலை ஐந்து மணிக்கு இறந்தவர் போட்டோவோடு வந்து நிற்பவரிடம் "இருங்க, ஸ்கேன் பண்ணணும்" என்று சொல்வது கஷ்டம்தான், தெரியும். ஆனாலும் வாடிக்கையாளர் பென் டிரைவ் பழைய சிஸ்டத்தில் ஏறவே கூடாது. ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிப்போகிற அந்த வைரஸைப் பார்க்காத ஜெராக்ஸ் கடை உண்டா? புது சிஸ்டத்தில் ஸ்கேன் செய்து, உங்கள் சொந்தப் பென் டிரைவில் மாற்றிக் கொண்டுபோங்கள்.

ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்ட் வாங்குவதாக இருந்தால் ஒன்று கவனியுங்கள். விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான சப்போர்ட் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும், டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்பு சிப்பும் வேண்டும். ஆறாம் தலைமுறையில் எப்படியோ 11-ஐ ஏற்றி "ஓடுது பாருங்க" என்று காட்டுவார்கள், ஓடும்தான், ஆனால் விண்டோஸ் 11-க்குத் தகுதியில்லாதது, வாங்காதீர்கள்.

அப்புறம் எனக்கு வைரஸைவிட பயம் உங்கள் ஹார்ட் டிஸ்க்கைப் பற்றித்தான். பேஜ்மேக்கர் 7 வந்ததே 2001-ல். டிஸ்க் போனால் மறுபடி ஏற்ற அந்த சிடி இன்னும் உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் தம்பியைக் கூப்பிட்டு, புதுசு வாங்குவதற்கு முன்னால், டிஸ்க்கை அப்படியே ஒரு எஸ்.எஸ்.டி.க்குக் குளோன் போடச் சொல்லுங்கள், பழைய டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வையுங்கள்.