கழுகுமலை: கேட்டவர்களுக்கு ஓர் உள்ளூர்க்காரரின் பதில்கள்

கோவில்பட்டிக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில், சங்கரன்கோவில் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். மலைக்கு வருகிறவர்களுக்கு வழிகாட்டியே என் பாதி வயது கழிந்துவிட்டது. வந்து சேர்ந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

சமணர்களைக் கழுவேற்றிய இடம் என்பதால்தான் கழுகுமலை என்று பெயர் வந்ததாமே, ஐயா? (மதுரையிலிருந்து ஒரு வாசகர்)

வாரம் ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள்! கழு வேறு, கழுகு வேறு. ஜடாயுவின் அண்ணன் சம்பாதி இங்கே முருகனை வழிபட்டான் என்பது தலபுராணம். கழுகாசலம் என்ற பெயருக்கு அதுதான் காரணம் என்கிறார்கள். கல்வெட்டுகளோ இந்த மலையை அரைமலை என்றும், ஊரைத் திருநெச்சுறம் என்றும் சொல்கின்றன.

கழுவேற்றக் கதை மதுரையைச் சேர்ந்தது, சம்பந்தர் காலத்தது, அதாவது 7ஆம் நூற்றாண்டு. எங்கள் மலையில் இருக்கும் சமணத் திருமேனிகள் 8, 9ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. கழுவில் ஏற்றி முடித்த இடத்தில், நூறு வருடம் கழித்து வந்து நிதானமாகத் தீர்த்தங்கரரைச் செதுக்குவார்களா? அதே பாண்டியர் காலத்தில், அதே மலையின் இன்னொரு பக்கத்தில் வெட்டுவான் கோவில் என்ற சிவன் கோவிலையும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு உளிச்சத்தமும் ஒரே காற்றில் கேட்டிருக்கும்.

அந்தச் சமணச் சிற்பங்களைச் செய்வித்தது ராஜாவா? (திருநெல்வேலியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

நல்ல கேள்வி அம்மா. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் காலத்தை ஒட்டிய வேலை என்பதால் எல்லாவற்றையும் அரசன் கணக்கில் எழுதிவிடுகிறோம். ஆனால் பாறைக்கு அருகே போய் நின்று பாருங்கள். வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கும் சிறு திருமேனிகள் ஒவ்வொன்றின் கீழும் வட்டெழுத்தில் இரண்டு மூன்று வரி இருக்கும். எந்த ஊர், யாருடைய மாணாக்கர், யாருக்காக என்று சொல்லி, ‘செய்வித்த திருமேனி’ என்று முடியும். தச்சரும் குயவரும்கூட அந்த வரிகளில் வருகிறார்கள். இன்னார் நினைவாக என்று செய்து வைத்தவையும் உண்டு. இன்று கோவில் டியூப்லைட்டில் உபயம் என்று பெயர் எழுதுகிறோமே, அந்த ஆசைதான். கல்லில் எழுதியதால் ஆயிரத்து இருநூறு வருடம் தாங்கிவிட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆசிரியர்களின் பெயர்களில் குரத்தியார் என்று வரும். குரவர் என்றால் ஆசான், குரத்தியார் பெண் ஆசான். மிழலூர்க் குரத்தியார், திருச்சாரணத்துக் குரத்தியார் என்று ஊர்ப்பெயரோடு எழுதியிருக்கிறார்கள். திருச்சாரணம் என்பது இன்றைய குமரி மாவட்டத்துச் சிதறால். அங்கிருந்து இங்கே வரை தொடர்பு வைத்திருந்த பெண் துறவிகளுக்கு மாணாக்கர் இருந்தார்கள் என்பதை நான் முதலில் அறிந்த அன்று, பாறையை விட்டு இறங்க மனமே வரவில்லை.

அந்த எழுத்தை நாங்கள் படிக்க முடியுமா?

மொழி தமிழ்தான், எழுத்துதான் வட்டெழுத்து. பாண்டிய நாட்டில் அது வழங்கி, சோழர் ஆட்சி வந்தபின் மெல்ல மறைந்தது. நாலு மாதம் முயன்றால் கூட்டிப் படிக்கலாம். தயவுசெய்து சாக்பீஸ் தடவிப் பார்க்காதீர்கள்.

வெட்டுவான் கோவிலை முடிக்காமல் விட்டது ஏன்? அப்பா சிற்பி மகனைக் கொன்ற கதை உண்மையா? (விருதுநகரிலிருந்து)

மேலே தந்தை வேலை செய்ய, கீழே மகன் முருகன் கோவிலை முதலில் முடித்துவிட்டான், பொறாமையில் தந்தை உளியை வீச மகன் செத்தான் என்பது கதை. என் பாட்டி அழுதுகொண்டே சொல்வாள். கதை கதையாக இருக்கட்டும். கல் சொல்வது இது: மூன்று பக்கமும் பாறையைக் குடைந்து, நடுவில் நின்ற பாறையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். எல்லோராவின் கைலாசநாதர் கோவிலும் இந்த முறையில் செய்ததுதான். அதனால்தான் எங்கள் கோவிலுக்குச் சிகரம் பூரணமாக இருக்கிறது, அடிப்பகுதி முரட்டுப் பாறையாக நிற்கிறது. அஸ்திவாரம் இல்லாமல் கூரை முடிந்த வீட்டை வேறெங்கே பார்ப்பீர்கள்? கருவறையில் இப்போது இருக்கும் பிள்ளையார் பிற்காலத்தவர்.

முருகன் கோவிலில் கருவறையைச் சுற்றி வர முடியவில்லையே?

அது குடைவரை. கருவறையே மலைக்குள் இருக்கிறது, மலைதான் விமானம். கழுகாசலமூர்த்தியை வலம் வர வேண்டுமென்றால் மலையையே சுற்ற வேண்டும். பௌர்ணமியில் கிரிவலம் வருகிறவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள்.

1895 கலவரத்தைப் பற்றி ஊரில் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்களே? (சென்னையிலிருந்து)

மாற்றத்தான் செய்வார்கள். கோவில் எட்டயபுரம் ஜமீனின் பொறுப்பில் இருந்த காலம். தேரோடும் வீதிகளில் ஊர்வலம் போகும் உரிமையை நாடார்கள் கேட்டார்கள், மறுக்கப்பட்டது. வழக்கும் கைகொடுக்காதபோது பலர் கத்தோலிக்கத்துக்கு மாறி, தேர் வீதியிலேயே சிற்றாலயம் எழுப்பினார்கள். அந்த வருடப் பங்குனித் தேரோட்டத்தில் மோதல் வெடித்தது. ஜமீன் மேலாளர் கொல்லப்பட்டார். நாடார்களும் செத்தார்கள், வீடுகள் எரிந்தன. நாலு வருடம் கழித்து, 1899இல், சிவகாசியில் இதைவிடப் பெரிதாக மூண்டது. இதை மதச்சண்டை என்று சுருக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. யார் எந்தத் தெருவில் நடக்கலாம் என்பதுதான் சண்டை.

காவடிச் சிந்து எங்கள் வீட்டில் எல்லோரும் பாடுவோம். அதற்கும் உங்கள் ஊருக்கும் என்ன தொடர்பு? (கோலாலம்பூரிலிருந்து ஒரு வாசகி)

சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் பாடியது எங்கள் முருகன்மேல்தான். ஊற்றுமலை ஜமீன்தார் இருதாலய மருதப்பத் தேவர் அவரை ஆதரித்தார். ஜமீன்தார் கழுகுமலைக்குக் காவடி எடுத்து வந்த வழிநடையில் ரெட்டியார் பாடியவை என்பார்கள். சந்தத்தைக் கவனியுங்கள், நடக்கிற காலுக்கு அளந்து வெட்டியது போல இருக்கும். 1891இல், முப்பது வயதைத் தொடாமலே ரெட்டியார் போய்விட்டார்.

எப்போது வரலாம்?

பங்குனி உத்திரம், தைப்பூசம், கந்தசஷ்டி மூன்றும் கூட்ட நாட்கள். சிற்பம் பார்க்க வேண்டுமானால் சாதாரண நாளில் விடியற்காலையில் ஏறுங்கள். பத்து மணிக்குமேல் பாறை காலைச் சுட்டுவிடும். தண்ணீர் கையோடு கொண்டுவாருங்கள். வெட்டுவான் கோவில் கிழக்கு பார்த்தது, காலை வெயில் நேரே விழும். விமானத்தின் தெற்குப் பக்கம் தட்சிணாமூர்த்தியைத் தேடுங்கள்: வழக்கமாக மௌனமாக உபதேசம் செய்கிறவர், இங்கே மிருதங்கம் வாசித்துக்கொண்டிருப்பார்.