கடைசி பஸ்ஸின் கணக்கு

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

பருவநிலை மாற்றத்தையும் கார்களையும் சேர்த்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு உடன்பாடில்லை. செட்டிநாட்டுக்கு வெயிலும் வறட்சியும் புதிதா? தாது வருஷப் பஞ்சம் வந்தபோது இங்கே எத்தனை கார் ஓடியது? அமெரிக்காக்காரனும் சீனாக்காரனும் புகையைக் கக்கிக்கொண்டிருக்க, பள்ளத்தூரில் நிற்கும் என் ஒரு காரை விற்றால் உலகம் குளிர்ந்துவிடுமா?

பஸ்ஸில் போங்கள் என்கிறீர்கள். பல்லவன் ரயிலில் இரவு காரைக்குடியில் வந்து இறங்கினால் எங்கள் ஊர் போக ஆட்டோவை விட்டால் வேறு என்ன இருக்கிறது? எண்பது வயது அப்பத்தாவை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும், முன்னோருக்குப் படையல் போடும் படைப்பு வீட்டுக்குப் பாத்திரம் பண்டத்தோடு போக வேண்டும். காலியாக ஓடும் பஸ்களுக்கு ஊற்றுகிற டீசல் மட்டும் புகையாகாதா? எப்படியும் அடுத்த வருஷம் மின்சாரக் கார் வாங்கப் போகிறேன். அதோடு இந்தப் பேச்சு முடிந்துவிடும் அல்லவா?

இப்படிக்கு,
பள்ளத்தூர் வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் எளிது. ஒன்று மட்டும் எளிதல்ல, அதற்குத்தான் அதிக இடம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

முதலில் தாது வருஷம். 1876 முதல் 1878 வரை மழை பொய்த்ததற்குப் பசிபிக் கடலில் உருவான கடுமையான எல் நினோ, அதாவது கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை, முக்கியக் காரணம். எல் நினோ அன்றும் வந்தது, இன்றும் வருகிறது. ஆனால் இன்றைய எல் நினோ ஏற்கெனவே சூடேறிய பூமியின் மேல் வருகிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு 2024-இல் 420-ஐத் தாண்டிவிட்டது. கூடியது நிலக்கரி, எண்ணெயிலிருந்து வந்த கார்பன்தான் என்பதற்குச் சாட்சி காற்றிலேயே இருக்கிறது. உயிருள்ளவற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்க வகை சிறிதளவு இருக்கும், உயிர் போனபின் 5,730 ஆண்டுகளில் அது பாதியாகக் குறையும். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த எண்ணெயில் அது துளியும் மிச்சமில்லை. அந்தக் கார்பன் கலக்கக் கலக்கக் காற்றில் கார்பன்-14-இன் விகிதம் நீர்த்துப்போவதை அளந்திருக்கிறார்கள். சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சேர்ந்து சூடாக வேண்டும். அது குளிர்ந்துகொண்டிருக்கிறது. இதில் அறிவியலாளர்களுக்குள் சண்டை இல்லை. சண்டையெல்லாம் யார் எதை எப்போது செய்வது என்பதில்தான்.

இந்தியர் ஒருவரின் பங்கு சிறிது என்பது சரி. சராசரியாக ஆண்டுக்கு 2 டன், அமெரிக்கருக்கு 14 டன் அளவில். அந்த நியாயத்தை உலக மேடைகளில் உரக்கச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் கார் வைத்திருப்பவர் இந்தியச் சராசரி அல்ல. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ எடைகூட இருக்காது. அதில் சுமார் 0.64 கிலோ கார்பன். எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்வதால் வெளியே வருவது 2.3 கிலோ கரியமில வாயு. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் கார் ஆண்டில் 10,000 கிலோமீட்டர் ஓடினால் ஒன்றரை டன். இந்தியர் ஒருவரின் வருடக் கணக்கில் முக்கால்வாசியை அந்தக் கார் மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

மின்சாரக் கார் வாங்குங்கள், நல்ல முடிவு. ஆனால் அதற்கும் கணக்கு உண்டு. நடுத்தரக் கார் ஒன்றுக்கு 100 கிலோமீட்டர் ஓட, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, சுமார் 17 யூனிட் வேண்டும். நம் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்து வருவதால் யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு. ஆக 12 கிலோ. பெட்ரோல் கார் அதே தூரத்துக்கு 15 கிலோ. கால் பங்குக்குச் சற்றுக் குறைவான லாபம், பேட்டரி செய்யும்போது வெளியாவதைச் சேர்க்காமல். இதைக் கூட்டுவது உங்கள் கையில் இருக்கிறது. வீட்டு மேல்தளத்தில் சூரிய மின்பலகை வைத்து, காலை பத்திலிருந்து மூன்றுக்குள் சார்ஜ் போட்டால் லாபம் பல மடங்காகும். மாலை ஆறிலிருந்து பத்து வரை மாநிலம் முழுக்க மின்தேவை அதிகமாக இருக்கும், அந்த நேரத்தைத் தவிருங்கள். இன்னொன்று: காரைக்குடி செக்காலை வீதியில் மின்சாரக் காரும் பெட்ரோல் கார் அளவு இடத்தைத்தான் அடைக்கும்.

இனி பஸ். காலி பஸ்ஸும் புகைதானே என்றீர்கள், அது மிகச் சரியான கேள்வி. பஸ் ஆதரவாளர்கள் பலர் இதைத் தொடாமல் போய்விடுகிறார்கள். ஒரு பஸ் லிட்டர் டீசலுக்கு 5 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். கிலோமீட்டருக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல், அதாவது மூன்றரை காருக்குச் சமம். நான்கு பேர் உட்கார்ந்த காரோடு ஒப்பிட்டால் பஸ்ஸில் 14 பேராவது இருக்க வேண்டும். லிட்டருக்கு 50 கொடுக்கும் பைக்கில் இருவர் போவதோடு ஒப்பிட்டால் 23 பேர். அதற்குக் கீழே பஸ் தோற்கும், 40 பேர் ஏறினால் பெட்ரோலில் ஓடும் காரோ பைக்கோ அதன் பக்கத்தில் வர முடியாது. அப்படியானால் பஸ்ஸை நிறைப்பது எது?

இங்கேதான் வழக்கமான கணக்கு தப்பாகப் போகிறது. ஒவ்வொரு நடைக்கும், அதாவது ஒவ்வொரு டிரிப்புக்கும், தனித்தனியாக கலெக்‌ஷன் பார்க்கிறார்கள். இரவு ஒன்பதரை நடையில் ஆறு பேர்தான் ஏறினார்கள் என்றால் அது நஷ்டம், டிரிப் கட். ஆனால் காலையில் எட்டு மணி பஸ்ஸில் ஏற வேண்டியவர் இரவு திரும்பி வர பஸ் உண்டா என்பதை வைத்துத்தான் ஏறுகிறார். ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண், ஒன்பது மணிக்குக் கடை அடைத்தபின் பஸ் இல்லையென்றால் காலையிலேயே வண்டியில் போய்விடுவார், அல்லது வேலையையே விட்டுவிடுவார். கடைசி பஸ்ஸை வெட்டினால் அந்த ஆறு டிக்கெட் மட்டும் போவதில்லை. காலை நடையிலிருந்தும் ஆறு பேர் போகிறார்கள். கூடவே, தாமதமாகுமோ என்று பயந்து, மாலை ஏழு மணி பஸ்ஸில் வந்திருக்கக்கூடிய இன்னும் சிலரும் போகிறார்கள். பிறகு ஏழு மணி பஸ்ஸும் காலியாகத் தெரியும், அதையும் வெட்டுவார்கள். கிராமப்புற ரூட்கள் செத்துப்போவது இப்படியும்தான். கடைசி பஸ்ஸின் வருமானம் அதன் டிக்கெட்டில் இல்லை, அன்றைய மற்ற நடைகளின் டிக்கெட்டில் இருக்கிறது.

அடுத்தது இடைவெளி. காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று போகும் ரூட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் ஓட 40 நிமிடம், இரு முனையிலும் பத்துப் பத்து நிமிடம் நிற்பது என்றால் ஒரு சுற்றுக்கு 100 நிமிடம். அரை மணிக்கு ஒரு பஸ் விட வேண்டுமானால் 100-ஐ 30-ஆல் வகுத்தால் மூன்று போய் மிச்சம் விழுகிறது. ஆக நான்கு பஸ் வேண்டும். ஓட்டத்தில் இரு பக்கமும் ஐந்து ஐந்து நிமிடம் மிச்சம் பிடித்தால் சுற்று 90 நிமிடமாகி, மூன்று பஸ் போதும். ஒரு பஸ், இரண்டு ஷிப்டுக்கு இரண்டு டிரைவர், இரண்டு கண்டக்டர் மிச்சம். அந்தப் பத்து நிமிடம் எங்கே கிடைக்கும்? பஸ் நிலையத்தை விட்டு வெளியே வந்தும் ஆள் பிடிக்க ஊர்ந்து ஊர்ந்து போகிறார்களே, அங்கே. எல்லா டிக்கெட்டும் போட்டு முடியும்வரை ஊர் எல்லையில் ஓரங்கட்டி நிற்பதில். நூறு மீட்டருக்கு ஒருவர் கை காட்ட நிறுத்துவதில். முனையில் நிற்கும் பத்து நிமிடத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. அது ஓய்வு மட்டுமல்ல, தாமதத்தை உறிஞ்சும் இடமும் அதுதான். அதை வெட்டினால் காலையில் ரயில்வே கேட்டில் பட்ட ஐந்து நிமிடம் இரவு வரை கூடவே வரும். தாமதமான பஸ்ஸுக்கு நிறுத்தத்தில் ஆள் அதிகம் சேரும், ஏற்றி இறக்க இன்னும் தாமதமாகும், பின்னால் வருவது ஆளில்லாமல் வேகமாக வந்து அதை எட்டிப் பிடித்துவிடும். ஒரு மணி நேரம் பஸ்ஸே இல்லாமல் பிறகு இரண்டு சேர்ந்து வருவதற்கு இதுதான் காரணம். டிரைவர்களைத் திட்டிப் பயனில்லை.

பல்லவனுக்கு வருவோம். பிற்பகலில் சென்னையை விடும் அந்த ரயில் இரவு பத்து மணி அளவில் காரைக்குடி சேர்கிறது. காலையில் ஆறு மணிக்கு முன்பே கிளம்புகிறது. ரயில் நிலையமும் புதிய பஸ் நிலையமும் ஒரே இடத்திலும் இல்லை. சென்னைக்கும் காரைக்குடிக்கும் 400 கிலோமீட்டர் அளவு தூரம். காரில் வந்தால் 27 லிட்டர், 60 கிலோவுக்கு மேல் கரியமில வாயு. அவ்வளவு தூரத்தையும் ரயிலில் வரத் தயாராக இருப்பவரைக் கடைசிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான் காரில் ஏற்றி அனுப்புகிறது. ரயிலுக்காகக் காத்திருந்து, அது தாமதமானால் அரை மணி வரை தாமதித்துக் கிளம்பும் ஒரு பஸ் இரவிலும், ரயிலுக்கு இருபது நிமிடம் முன்பே நிலையத்தில் இறக்கிவிடும் ஒரு பஸ் விடிகாலையிலும் இருந்தால் போதும். இதற்குப் புது ரயில் பாதையோ பாலமோ வேண்டாம்.

மினி பஸ்தான் தீர்வு என்று சிலர் சொல்வார்கள். 1997 முதல் திட்டம் இருக்கிறது, 2025-இல் விரிவாக்கினார்கள். வரவேற்கிறேன். ஆனால் பெர்மிட்டில் பத்து ஊர் இருக்கும், கூட்டம் ஏறும் ஐந்து ஊரோடு பஸ் திரும்பிவிடும், மதிய நடை வராது. ரூட்டின் வால் பகுதிக்குப் போகிறதா என்று யாராவது பார்த்துக்கொண்டே இருந்தால்தான் அது நிலைக்கும். 2021-இல் வந்த விடியல் பயணம், சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணத்தை எடுத்துவிட்டது. பஸ்ஸே வராத நேரத்துக்கு அந்தச் சலுகையால் பயன் இல்லை.

அப்பத்தாவைக் காரிலேயே கூட்டிப்போங்கள். நம் சாதாரண பஸ்ஸின் முதல் படி முழங்கால் உயரம் இருக்கிறது. எண்பது வயதில் அதில் ஏறச் சொல்வது கொடுமை. படைப்புக்குப் பாத்திரத்தோடு போவதும் காருக்கான வேலைதான். ஆனால் சென்னையிலிருந்து அதே படைப்புக்கு வரும் பங்காளிகள் பத்துக் காரில் வர வேண்டியதில்லை. ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன் திறக்கிறது. தேதி தெரிந்ததும் சேர்ந்து எடுத்து, காரைக்குடியிலிருந்து ஒரு வேன் பேசிக்கொள்ளலாம். பள்ளத்தூருக்குள்ளேயே பால் வாங்கவும் கோயிலுக்கும் காரை எடுப்பதை முதலில் நிறுத்துங்கள். இன்ஜின் சூடேறும் முன்பே முடியும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டத்தில் எரிபொருள் அதிகம் போகும், புகைக்குழாயில் நச்சைக் குறைக்கும் கருவியும் சூடாகாமல் வேலை செய்யாது.

இப்போது ஒரு வேண்டுகோள். 'போதிய பஸ் வசதி இல்லை' என்று மனு எழுதினால் அது கோப்பில் படுத்துவிடும். முதலில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் காரைக்குடி மண்டலத்துக்கு எழுதுங்கள். உங்கள் ரூட்டுக்கு மாதவாரியாக அனுமதிக்கப்பட்ட நடைகள் எத்தனை, உண்மையில் ஓடியவை எத்தனை, விட்டுப்போன நடைகளின் நேரமும் காரணமும் என்ன. 30 நாளில் பதில் தர வேண்டும். விட்டுப்போனவை இரவிலும் மதியத்திலுமா குவிந்திருக்கின்றன என்று பாருங்கள். அதோடு, இரவு பஸ் இருந்தால் ஏறுவேன் என்று சொல்பவர்களின் பட்டியலை, எங்கே ஏறி எங்கே இறங்குவார்கள், எந்த நேரம் என்ற விவரத்துடன் தயாரியுங்கள். கடைகளில் வேலை செய்பவர்களை விட்டுவிடாதீர்கள். பள்ளத்தூர் பேரூராட்சி என்பதால் உங்களுக்கு மன்றக் கூட்டம். பக்கத்துக் கிராமத்தாருக்குக் கிராம சபை, அடுத்த தேதியிலேயே தீர்மானம் போடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துக் கிளை மேலாளரிடம் ஒரே ஒரு நடையை மட்டும் கேளுங்கள். பல்லவன் வந்தபின் கிளம்பும் நடை. ஆறு மாதம் ஓட்டிப் பார்க்கட்டும். அந்த ஆறு மாதத்தில் அதன் கலெக்‌ஷனை மட்டும் பார்க்காமல், அதே ரூட்டின் காலை, மாலை நடைகளின் கலெக்‌ஷனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

தகவல் உரிமைப் பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.